கிறிஸ்துமஸ் அன்று ஓர் ஆல்பம்

கேள்வி: பெரிய கம்பெனி துணையில்லாமல், பியானோவை மட்டும் நம்பி ஆல்பம் போட முடியுமா?

பதில்: பாடகி ரெஜினா ஸ்பெக்டர் போட்டாரே! மாஸ்கோவில் பிறந்தவர், 1989-ல், ஒன்பது வயதில், பெற்றோருடன் நியூயார்க்கில் குடியேறினார். வீட்டுப் பியானோ ரஷ்யாவிலேயே தங்கிவிட்டது. யூத வழிபாட்டுக் கூடத்தின் அடித்தளத்தில் இருந்த பியானோதான் கைகொடுத்தது.

2001-ல் '11:11' ஆல்பத்தைத் தானே வெளியிட்டு, கச்சேரிக்கு வந்தவர்களிடமே சிடி விற்றார். அடுத்தது 'சாங்ஸ்'. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, ஊரே விருந்து சாப்பிட்ட நாளில், அதற்காக அவர் பதிவு செய்தது 12 பாட்டு!

'புவர் லிட்டில் ரிச் பாய்' என்ற பாட்டை அவர் பாடும்போது பாருங்கள்: ஒரு கை பியானோவில், மறு கையில் குச்சி, மர நாற்காலிதான் டிரம்.

'சாங்ஸ்' ஆல்பத்தின் 'சாம்சன்' பாடலை 2006-ல் 'பிகின் டு ஹோப்' ஆல்பத்துக்காக மறுபடி பதிவு செய்தார். முதலில் பழையதைக் கேளுங்கள்.