சிறு கார்டு பெருங்கார்டு ஆகுமாறு

ராஸ்பெர்ரி பை எனும் சிறுகணினியின் 16 ஜிபி மைக்ரோஎஸ்டி மெமரி கார்டில் உள்ளதை 64 ஜிபி கார்டுக்குப் பெயர்த்தலே இவ்வாய்வின் பொருள். கால எல்லை 2012 பிப்ரவரி 29 முதல். அக்கணினி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த நாள் அது. நான்காண்டுக்கு ஒருமுறை பிறந்தநாள் காணும் கருவியிடம் ஒழுங்கை எதிர்பார்க்கலாகாது என்பதை ஆய்வாளர் முதலிலேயே மனத்திற்கொள்க. இட எல்லை 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம். சிறிய கார்டுக்கும் அளவு இதுவே, பெரிய கார்டுக்கும் இதுவே. ஆகவே இங்கே பெருமை என்பது கண்ணால் காண்பதன்று, கடைக்காரர் சொல்ல நம்புவது. அந்நம்பிக்கை பொய்ப்பதும் உண்டு. தன் கொள்ளளவைக் கணினியிடமே கூட்டிச் சொல்லும் போலிக் கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. எஃப்3 போன்ற நிரல் கொண்டு முழுக்க எழுதி, முழுக்கப் படித்துப் பார்த்தால் அவற்றின் சாயம் வெளுத்துவிடும்.

கார்டு ஏன் நிரம்பிற்று என்பது தனி ஆய்வுக்குரியது. குடும்ப அமைதி கருதி அதனுள் புகவில்லை.

பெயர்க்கும் முறையில் இரு பள்ளிகள் உண்டு. முதற்பள்ளியார் விண்டோஸில் கார்டைச் செருகி, கண்ணில் படும் கோப்புகளை இழுத்துப் போடுவர். கண்ணில் படுவதோ துவக்கக் கோப்புகள் உள்ள சிறு பகுதி மட்டுமே. மீதமெல்லாம் விண்டோஸ் தானாகப் படித்தறியாத இஎக்ஸ்டி4 அமைப்பில் கிடக்கும். அறியாததைக் கண்டால் விண்டோஸ் “ஃபார்மேட் செய்யவா?” என்று பணிவோடு கேட்கும். சரி என்றவர்கள் அதன்பின் இத்துறையில் கட்டுரை எழுதியதாகத் தெரியவில்லை.

இரண்டாம் பள்ளியார் டிடி எனும் கட்டளையை ஓதுவர். 1970களின் யூனிக்ஸில் பிறந்தது அது. பேச்சு மட்டும் ஐபிஎம் பெருங்கணினிகளின் ஜேசிஎல் மொழியின் சாயல். கூடப் பிறந்த கட்டளைகள் எதுவும் அப்படிப் பேசுவதில்லை. ஐஎஃப் என்றால் எதிலிருந்து, ஓஎஃப் என்றால் எதற்கு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் புதுக் கார்டின் வெறுமை பழைய கார்டில் ஏறும். கேள்வி கேட்காது, உறுதியா என்று ஒரு வார்த்தை விசாரிக்காது. ‘டிஸ்க் டெஸ்ட்ராயர்’ என்று கற்றோர் அதன் பெயரை விரிப்பது இதனாலேயே. ஓதியபின் மௌனம் காக்கும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் 16 ஜிபி பெயர ஏறத்தாழ 27 நிமிடம் ஆகும். இடையில் எவ்வளவு பெயர்ந்தது என்று தானே தொடர்ந்து சொல்லும் வசதியை லினக்ஸின் டிடி பெற்றது 2015இல்தான். அதற்கு முந்தைய தலைமுறை கார்டு ரீடரின் விளக்கு மினுக்குவதைப் பார்த்தே பொறுமை கற்றது.

டிடி பொருள் உணர்ந்து பெயர்ப்பதில்லை. மூல ஓலையில் செல்லரித்த ஓட்டையைப் படி ஓலையிலும் துளைத்து வைக்கும் ஏடெழுதுவோன் அது. வெற்றிடத்தை வெற்றிடமாகவும், என்றோ அழித்த கோப்பின் எச்சத்தை எச்சமாகவும் கொண்டுசேர்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கார்டையே இப்படிப் பெயர்த்தால், பாதி நேற்றும் பாதி இன்றுமாக ஒரு படி கிடைக்கும். எனவே பையை அணைத்துவிட்டுச் செய்க.

இனி ஆய்வின் கரு. பெயர்த்த கார்டில் பை நன்றாகவே துவங்குகிறது. இடம் எவ்வளவு என்று கேட்டால் பழைய கணக்கையே ஒப்பித்து, நிரம்பிவிட்டது என்கிறது. இதைக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. அங்கே பழைய கூடு பிணமாய்க் கிடக்கும். இங்கே அதுவும் எழுந்து நடமாடுகிறது. காரணம் வேறு. கார்டின் முதல் 512 பைட்டில், எந்தப் பகுதி எங்கே தொடங்கி எவ்வளவு நீளும் என்னும் பட்டியல் இருக்கிறது. அதன் மொத்த அளவு 64 பைட். 64 ஜிபி கார்டு அந்த 64 பைட் சொல்வதை அப்படியே நம்புகிறது. அதிலும் வழக்குக்குரியது, இரண்டாம் பகுதியின் நீளத்தைக் குறிக்கும் 4 பைட் மட்டுமே. அவற்றைத் திருத்தினாலும் வேலை முடியாது. இஎக்ஸ்டி4 தன் அளவைத் தனியே ஒரு குறிப்பில் வைத்திருக்கிறது. சுவரை இடித்து நகர்த்தியாயிற்று என்று அதற்கும் சொல்லியாக வேண்டும். அப்படியே பெயர்த்ததுதான் இங்கே குற்றம். சற்றே பிழையாகப் பெயர்த்திருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

புதிதாக நிறுவிய கார்டு முதல் துவக்கத்திலேயே தன்னை விரித்துக்கொள்ளுமே என்பது தடை. பெயர்த்த கார்டுக்கு முதல் துவக்கம் மூலத்தின் காலத்திலேயே நடந்து முடிந்துவிட்டது என்பது விடை. ஆகவே ராஸ்பி கான்ஃபிக் எனும் நிரலின் மேம்பட்ட அமைப்புகளில் ‘எக்ஸ்பாண்ட் ஃபைல்சிஸ்டம்’ என்பதை அழுத்தி, மறுபடி துவக்குக. பின்னும் 64 வராது. 60க்குக் கீழேதான் காட்டும். இது திருட்டன்று. கடை ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கணினி 1024ஆல் வகுக்கிறது.

பெயர்த்தபின் எஞ்சுவது அடையாளச் சிக்கல். இரு கார்டுக்கும் ஒரே பெயர், ஒரே பகுதி எண், ஒரே ரகசியச் சாவி. பழையதை யூஎஸ்பி ரீடரில் விட்டுவிட்டுப் புதியதைத் துவக்கினால், பை எதைத் தன் வேர்ப்பகுதி என்று பிடித்துக்கொள்ளும் என்பது அன்றைய நட்சத்திரத்தைப் பொறுத்தது. பையோடு வரும் எஸ்டி கார்டு காப்பியர் எனும் நிரல் இதற்கெனவே புதிய எண் தரும் வசதியை வைத்திருக்கிறது. அது பகுதிகளையும் தானே அகலப்படுத்திவிடும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆய்வு ஒரு பத்தியில் முடிந்திருக்கும். முடிந்திருந்தால் அது ஆய்வாகாது.

மூலம் எது, படி எது என்று பெயரையும் பகுதி எண்ணையும் கொண்டு தீர்ப்பளிக்க இயலாது. தயாரிப்பாளர் இட்ட வரிசை எண் கார்டின் உள்ளே உண்டு. டிடிக்கு அது எட்டாது, மனிதக் கண்ணுக்கும் எட்டாது. அடையாளத்துக்குப் பேனாவால் ஏதாவது எழுதி வைக்கலாமென்றால், அந்த இடத்தில் கொள்வது ‘64’ என்னும் இரண்டு இலக்கந்தான். அதை ஏற்கெனவே அச்சிட்டே விற்கிறார்கள்.