லைசென்ஸ் இல்லாத சோஷலிஸ்ட்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் சி.என்.சி. மெஷினுக்குப் புரோகிராம் போடுவார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் பென் டிரைவ் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மோடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களை விசாரிப்பார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் வந்த காரியம் மறந்துபோகும். தெரு இவருக்கு வைத்திருக்கும் பெயர் லினக்ஸ் அண்ணன்.

அரசியலும் கம்ப்யூட்டரும் இவருக்கு ஒரே பாடம். "ஆட்சி மாறுறதெல்லாம் வெறும் ரீஸ்டார்ட்டுப்பா. நமக்கு வேண்டியது ஃபார்மட்" என்று டீக்கடையில் ஆரம்பிப்பார்.

"ஃபார்மட் பண்ணா என் ரேஷன் கார்டு இருக்குமாண்ணா?" என்பார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

"பேக்கப் எடுத்துக்கலாம்."

"போன தடவை என் போனுக்கும் இதத்தான் சொன்னீங்க."

இவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருள் அமெரிக்காவில் பிறக்கவில்லை, ஆவடியில் பிறந்தது என்பார். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணிச் சமுதாயமே நம் இலக்கு என்று நேரு முன்னிற்கத் தீர்மானம் நிறைவேறியது. சொத்து சிலர் கையில் குவியக்கூடாது என்றால் சோர்ஸ் கோடும் குவியக்கூடாதுதானே? அமெரிக்காவில் கட்டற்ற மென்பொருளைத் தொடங்கிவைத்த ரிச்சர்ட் ஸ்டால்மேன் குனூ திட்டத்தை அறிவித்தது 1983இல். ஆவடித் தீர்மானம் வந்தபோது அவருக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. "தவழ்ந்துட்டிருந்த புள்ளைக்கு முன்னாடியே நாம சொல்லிட்டோம்" என்று மார்தட்டுவார்.

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் தெருவில் ஒருவர்தான். டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பது வயதுக்காரர். அவர் ஒருநாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஆவடி சோஷலிசத்தோட சேர்ந்துதானே பெர்மிட்டும் லைசென்ஸும் வளர்ந்துச்சு? அது பிடிக்காமத்தானே ராஜாஜி 1959ல சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சாரு? லைசென்ஸ் கீ கேக்குறான், லைசென்ஸ் கீ கேக்குறான்னு தினம் நீ திட்டுறே. அப்ப நீ ஆவடியா, ராஜாஜியா?"

அண்ணன் அந்த டீ முழுவதையும் பேசாமல் குடித்தார். காசு கொடுக்கும்போதுதான் வாய் திறந்தது. "ரெண்டுக்கும் நடுவுல ஒரு லைசென்ஸ் இருக்கு சார். ஜி.பி.எல்.னு பேரு." பெரியவர் திரும்பப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அண்ணனுடைய வாழ்க்கையில் பொற்காலமும் சோதனைக் காலமும் ஒரே நாளில் தொடங்கின. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. சில வருடத்து லேப்டாப்களில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். இத்தனை காலம் தனியாளாகக் கத்தியவருக்கு அரசாங்கமே வீடு வீடாகத் தொண்டர்களை அனுப்பி வைத்ததுபோல இருந்தது. பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக இவர் வீட்டுக்குத்தான் வந்தார்கள். வாசலில் செருப்புக்கு இடமில்லை. எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: "அண்ணா, இந்த லினக்ஸத் தூக்கிக் குடுங்கண்ணா. அந்த இடத்துல இன்னும் கொஞ்சம் படம் வெச்சிக்கலாம்."

தூக்க மாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை, தூக்கவும் கை வரவில்லை. ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அரைமணி நேரம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்காரர் இருநூறு ரூபாய்க்கு அதே வேலையைச் சொற்பொழிவு இல்லாமல் செய்து கொடுத்தார். கூட்டம் அங்கே போய்விட்டது.

அண்ணன் கட்சி எப்போதோ ஜெயித்துவிட்டது என்பதை அண்ணனிடம் சொல்லக்கூடாது. தெருவில் பாதிப் பேருக்கு மேல் கையில் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ். உலகின் முதல் ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017இலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. இதைச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். எதிர்க்கட்சி வரிசையிலேயே முடி நரைத்தவருக்கு மந்திரி பதவி கொடுத்தால் எப்படி உட்காருவார்?

தமிழ் விஷயத்தில் இவர் தீவிரவாதி. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத் தவிர வேறு எதில் தட்டினாலும் இனத்துரோகம். அதிலும் ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவழைப்பவர்களுக்கு அவர் அகராதியில் தனிப் பெயர் உண்டு, அச்சில் போட முடியாது. 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடை அரசு தரமாக்கியது. அதை நம்பி, தெருவில் மழைநீர் தேங்குவது பற்றி யூனிகோடில் ஒரு மனு தட்டி, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த கம்ப்யூட்டருக்கு வயது அதிகம். மனு திறந்தது. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. பார்த்த அலுவலர், "லேஅவுட் அப்ரூவலா? அடுத்த கவுன்ட்டர் சார்" என்றார்.

தேர்தல் வந்தால் இவருக்கு மவுசு கூடும். நம் ஊரில் தோற்ற வேட்பாளரின் ஆட்கள் அத்தனை பேரும் அன்று சாயங்காலத்துக்குள் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆகிவிடுவார்கள். சந்தேகம் தீர்க்க இவரிடம்தான் வருவார்கள். இவர் பறவூரிலிருந்து ஆரம்பிப்பார். நாட்டிலேயே முதல் தடவை ஓட்டு மெஷின் வைத்தது 1982இல், கேரளத்துப் பறவூர் தொகுதியில், ஐம்பது சாவடிகளில். மெஷினே கூடாது என்று முதலில் கோர்ட்டுக்குப் போனவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. எண்ணிப் பார்த்தால் 123 ஓட்டில் ஜெயித்தது அவரேதான். உடனே அவருக்கு மெஷின் பிடித்துப்போனது, தோற்ற காங்கிரஸ் வேட்பாளருக்குப் பிடிக்காமல் போனது. கேஸ் உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. மெஷினுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் தீர்ப்பு வந்தது. மறுபடி சீட்டில் நடந்த ஓட்டெடுப்பில் காங்கிரஸ்காரர் ஜெயித்தார். "அதனால தெரியிறது என்னன்னா..." என்று அண்ணன் விரலை உயர்த்தும்போது, கேட்க வந்தவர்கள் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

அண்ணன் ஓட்டுப்போடுவது தனிக் காட்சி. பட்டனை அமுக்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு விநாடி தெரியும். குனிந்து, கண்ணாடியைத் துடைத்து, உரக்க எண்ணுவார். பின்னால் வரிசை ஸ்கூல் கேட் வரை நிற்கும்.

ஆயுதபூஜையன்று மட்டும் கொள்கைக்கு விடுமுறை. மற்ற நாளில் கறுப்புச்சட்டைக்காரர், அன்றைக்குப் பரணிலிருக்கும் பழைய சி.பி.யு.க்களை எல்லாம் இறக்கித் துடைத்துச் சந்தனம் வைப்பார். கேட்டால் மெஷினுக்கு மரியாதை என்பார். அண்ணியின் கருத்து வேறு: வருஷத்தில் அந்த ஒருநாள்தான் பரண் சுத்தமாகிறது.

சிரிக்கிறோமே தவிர, பொறியியல் கவுன்சிலிங் சமயத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ஓ.டி.பி. வராமல் கைநடுங்கும் பெற்றோர் தட்டுவது இவர் வீட்டுக் கதவைத்தான். காசு வாங்கமாட்டார். பிரசங்கத்தையும் விடமாட்டார்.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்துக்கொண்டபோது, அண்ணன் கை கூப்பி வீடு வீடாக இறங்கினார். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடாதீர்கள், லினக்ஸைப் போடுங்கள் என்று பிரசாரம். பல வீடுகளில் டெபாசிட் போனது. இசைந்தவர் டேங்க் ஃபேக்டரிப் பெரியவர் ஒருவர்தான்.

"இங்கேருந்து 1965லேயே விஜயந்தா டேங்க் வெளிய போச்சு. அதுக்கு எவனும் அப்டேட் கேட்டதில்ல. போடு தம்பி. ஆனா பழசும் இருக்கணும், என் சீட்டாட்டம் அதுலதான் இருக்கு."

கொள்கைவாதிக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஒரு சீட் கிடைக்கிறதே. "சரி சார், கூட்டணி ஆட்சி" என்று இரண்டையும் போட்டுக் கொடுத்தார். "ஆன் பண்ணா பத்து செகண்ட் ரெண்டு பேரும் தெரியும். அதுக்குள்ள யாரு வேணும்னு நீங்க அமுக்கணும். இல்லன்னா லினக்ஸ் தானா வந்துடும்."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "பத்து செகண்டா? பரவாயில்ல, பூத்துல ஏழுதான் குடுத்தாங்க."