திரைக்குள் ஓர் ஆலை: கேள்வி–பதில்

கே: டிஜிட்டல் இரட்டை, டிஜிட்டல் இரட்டை என்கிறார்களே, என்ன அது?

ப: ஆலையில் ஓடும் மெஷினுக்குக் கணினிக்குள் பிறந்த உடன்பிறப்பு. மூத்தவனுக்குச் சூடு ஏறினால் இளையவனுக்கும் உடனே ஏற வேண்டும். ஏறவில்லையா? ஜாதகம் பொய்!

கே: எங்கள் ஆலையை முப்பரிமாணப் படமாக வரைந்து பெரிய திரையில் மாட்டியிருக்கிறார்கள். அது போதாதா?

ப: கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, மாப்பிள்ளைக்கு இன்று காய்ச்சலா என்று சொல்ல முடியுமா? தகவலைக் கையால் ஏற்றினால் அது வெறும் மாதிரி. மெஷினிலிருந்து தானாக வந்து சேர்ந்தால் நிழல். வந்ததை வைத்துக் கணக்குப் போட்டு, ‘வேகத்தைக் குறை’ என்று மெஷினுக்கே திருப்பிச் சொன்னால்தான் இரட்டை. விற்க வருகிறவரிடம் ‘மூன்றில் உங்களுடையது எது?’ என்று கேளுங்கள். காபி ஆறும்வரை பதில் வராது.

கே: யார் மூளையில் உதித்தது?

ப: கருத்தை 2002-இல் முன்வைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கிரீவ்ஸ். பெயர் நிலைத்ததில் நாசாவின் ஜான் விக்கர்ஸுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆதிகதை 1970 ஏப்ரலில். நிலவுக்குப் புறப்பட்ட அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. கலம் விண்வெளியில், அதன் சிமுலேட்டர் தரையில். அணைத்து வைத்த கலத்தை மிச்சமிருக்கும் மின்சாரத்தில் எந்த வரிசைப்படி உயிர்ப்பிப்பது என்று தரையில் ஒத்திகை பார்த்து மேலே சொன்னார்கள். கலத்தில் இருந்த மூவரும் வீடு வந்தார்கள். பெயர் வைக்கும் முன்பே பிள்ளை சம்பாதித்துவிட்டது!

கே: இதை நம்பிப் பிழைத்த ஆலை ஒன்றையாவது காட்டுங்கள்.

ப: ஜெர்மனியில் ஆம்பெர்க். சீமென்ஸின் மின்னணு ஆலை, 1989-இல் தொடங்கியது. இடம் அதே சுமார் 10,000 சதுர மீட்டர், ஆட்கள் ஏறத்தாழ அதே 1,200 பேர், உற்பத்தி மட்டும் பத்து மடங்குக்கு மேல். பத்து லட்சத்தில் ஐந்நூறாக இருந்த பிழை ஏறக்குறைய பன்னிரண்டாக இறங்கியது என்பது அவர்கள் கணக்கு. அங்கே தயாராகும் பி.எல்.சி. என்ற மெஷின் கட்டுப்பாட்டுக் கருவிதான் அங்குள்ள லைனையும் ஓட்டுகிறது. தன் பிரசவத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவி!

கே: கட்டாத ஆலைக்கும் இரட்டை உண்டாமே?

ப: உண்டு. ஹங்கேரியில் டெப்ரெட்சென் நகர பி.எம்.டபிள்யூ. ஆலையில் 2023 மார்ச்சில் திரைக்குள்ளேயே கார் உற்பத்தி தொடங்கிவிட்டது. தொடர் உற்பத்தியில் நிஜக் கார் வந்தது 2025-இல். ரோபோவின் கை தூணில் இடிக்கும் என்றால் திரையில் இடிக்கட்டும். கான்கிரீட் போட்டபின் தூணை நகர்த்த ஆஞ்சநேயரைத்தான் கூப்பிட வேண்டும்.

கே: தொழிலாளிக்கு வேலை போய்விடுமே?

ப: ஆளைக் குறைக்க நினைக்கும் முதலாளிக்கு இரட்டை எதற்கு? அது இல்லாமலே குறைப்பார். நான் கவலைப்படுவது வேறு இடத்தில். பழுத்த ஃபோர்மன் ஒருவர் நடந்துபோகிற போக்கில் ‘மூணாம் மெஷின்ல பேரிங் போகுது’ என்பார். அவர் காதுக்கு எட்டாத அதிர்வையும் சென்சார் பிடிக்கும், உண்மைதான். ஆனால் எந்த முனகல் எந்த நோய் என்று அதற்குக் கற்றுத்தர அவர்தான் வேண்டும். ஆம்பெர்க்கில் தொழிலாளி யோசனை சொன்னால் பணப் பரிசு. பல ஆலைகளிலோ ஃபோர்மனுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டுத்தான் அவருக்கு என்ன தெரியும் என்றே தேடுகிறார்கள். ஓய்வு பெறும் முன் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள் ஐயா!

கே: என்னுடையது நாலு மெஷின் உள்ள பட்டறை. கோடிக்கு எங்கே போவேன்?

ப: கோடி வேண்டாம், கம்ப்ரசரில் ஆரம்பியுங்கள். அது இழுக்கும் கரண்டை மட்டும் அளந்து பதிவு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை, எல்லா மெஷினும் உறக்கம், கம்ப்ரசர் மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறதா? அத்தனையும் குழாய்க் கசிவு. கவனிக்காத ஆலைகளில் 20 முதல் 30 சதவீதக் காற்று இப்படிப் போவது சகஜம். கசிவை அடைத்த காசில் அடுத்த சென்சார் வாங்கலாம்.

கே: எவனாவது நெட்வொர்க்கில் புகுந்து திரையையே ஏமாற்றினால்?

ப: ஏமாற்றியிருக்கிறார்கள். 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானின் நதான்ஸில் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ்களைச் சிதைத்தது. அப்போதும் திரையில் பழைய நல்ல அளவுகளே ஓடின. நெட்வொர்க்கில் சேராத முள் மீட்டர் ஒன்றைச் சுவரில் விட்டுவையுங்கள். முள்ளுக்குப் பாஸ்வேர்டு கிடையாது.

கே: எங்கள் மேனேஜர் இப்போது ஏ.சி. அறையில் திரையை மட்டுமே பார்க்கிறார். சரியா?

ப: சென்சார் இல்லாத இடத்தில் கசியும் எண்ணெய் திரையில் வராது. ஷூவில்தான் ஒட்டும். இறங்கி நடக்கச் சொல்லுங்கள்.