பாசிக்கும் சேர்த்துத் தீனி

மீன் தொட்டியில் ஆசையாக அனுபியாஸ் செடி வைத்தேன். இலை முழுக்கப் பாசி. இனி பாசியையே வளர்த்துவிடட்டுமா?

இத்தனை நாளும் அதைத்தானே வளர்க்கிறீர்கள்! விளக்கு ராத்திரி நீங்கள் தூங்கப் போகும்வரை எரிகிறதல்லவா? தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். அனுபியாஸ் ஆடி அசைந்து புது இலை விடுவதற்குள் பழைய இலையில் பாசி குடியேறிவிடும். முற்றிய இலையைக் காம்போடு நறுக்குங்கள். மீன் மிச்சம் வைக்கிற தீனியையும் குறையுங்கள். அது மக்கி, பாசிக்குத்தான் உரமாகிறது.

பாசியைத் தின்ன ஆள் கிடைக்குமா?

சம்பளமில்லாமல் கிடைக்கும். ஜப்பானின் தகாஷி அமானோ, முன்னாள் சைக்கிள் பந்தய வீரர், 1980களில் தொட்டிக்குள் இறாலை விட்டுப் பாசியை மேயவைத்தார். இன்று அது அமானோ இறால். உங்கள் தொட்டியில் ஏஞ்சல் மீன் உண்டா? அப்படியானால் இறால் பாசியைப் பார்க்கும், ஏஞ்சல் இறாலைப் பார்க்கும்.

இலை ஓரத்தில் கறுப்பாகத் தாடி முளைத்திருக்கிறதே?

கறுப்பா? அது சிவப்புப் பாசி வகை. ஒரு இழையைக் கிள்ளி ஆல்கஹாலில் போடுங்கள், சிவந்துவிடும். ஒரு பெக்கில் முகம் சிவக்கிற ஆசாமிதான்! ஆல்கஹால் கிண்ணத்தோடு நிற்கட்டும், தொட்டிக்குள் ஊற்றிவிடாதீர்கள்.