‘ஒரு எட்டு இருக்கும் சார்’: கிழட்டுப் பாமரேனியனின் காலம் பற்றிய ஆராய்ச்சி

தொல்காப்பியர் காலத்தைப் பற்றிப் புலவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கிறிஸ்துவுக்கு முன் என்பவரும் உண்டு, பின் என்பவரும் உண்டு. அந்த வழக்கில் தலையிட இக்கட்டுரைக்குத் தகுதி இல்லை. இது எடுத்துக்கொள்வது ஐந்தாறு கிலோ எடையுள்ள ஒரு சிறிய காலச் சிக்கலை மட்டுமே. காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வீட்டுக்கு வரும் கிழட்டுப் பாமரேனியனுக்கு வயது என்ன?

ஆய்வுப்பொருளை முதலில் வரையறுக்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் பாமரேனியன் என்று பெயர் வாங்கிய நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் வழியில் இங்கே வெயிலுக்குப் பழகி உருவான இனம். 1994இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ படத்தில் டஃபி என்ற பெயரில் நடித்துப் புகழ் பெற்றதும் இதுவே. பிறகு 2003இல் ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவனின் பின்னாலேயே நடந்தது; ஊர் முழுக்க பக் வாங்கக் கிளம்பியது. மோஸ்தர் போன பிறகும் நாய்க்கு ஆயுள் மிச்சம் இருந்தது. வீடு மாறுகிறோம், வெளிநாடு போகிறோம், பாட்டி இறந்துவிட்டார், இனிப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று காரணங்கள் பலவாக, காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போன நாய்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருப்பதில்லை. காலச் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

சான்றுகள் நான்கு வகைப்படும். பல்லே முதன்மை என்பது ஒரு பள்ளி. நாய்க்குப் பால்பற்கள் 28, நிரந்தரப் பற்கள் 42. ஏழு மாதத்துக்குள் எல்லாம் முளைத்துவிடும். அதுவரை பல்லைப் பார்த்து வயதை நெருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு தேய்மானத்தையும் காறையையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். சிறு இனங்களில் ஊகமும் தடுமாறும். ஓநாய்க்கு இருக்கும் அதே 42 பற்கள் ஒரு கைப்பிடி வாய்க்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. இடுக்கில் உணவு தங்கும், ஈறு வீங்கும், வேர் ஆடும். நடுவயதிலேயே பொக்கை வாயான சிறுநாய்கள் உண்டு. செல்லரித்த ஏடெல்லாம் சங்க காலத்து ஏடு ஆகிவிடாது.

இரண்டாவது கண் பள்ளி. பாப்பாவில் நீலம் கலந்த புகை படர்ந்திருந்தால் ‘கண்புரை, முழுக் கிழம்’ என்று தீர்ப்பளிப்பவர்கள் இவர்கள். ஆனால் ஆறேழு வயதைத் தாண்டினாலே விழிவில்லை இறுகி இந்த நீலம் வரும்; அதனால் பார்வை பெரிதாகக் கெடுவதில்லை. உண்மையான கண்புரை வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும், காப்பகத் தூணில் சாய்ந்துகொண்டு சொல்ல முடியாது.

மூன்றாவது, மூஞ்சி நரை. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நான்கு வயதுக்கு உட்பட்ட 400 நாய்களைப் பார்த்து, பதற்ற சுபாவம் உள்ள நாய்களுக்கு இளமையிலேயே நரைக்கிறது என்று கண்டது. ஆக நரை வயதைக் காட்டுமா, கவலையைக் காட்டுமா என்பதே ஐயம். அதோடு அந்த ஆய்வில் வெள்ளை நாய்களைச் சேர்க்கவில்லை. நரை எது, நிறம் எது என்று தெரியாதல்லவா? நம் ஆய்வுப்பொருளோ தலை முதல் வால் வரை வெள்ளை.

நான்காவது, வாய்மொழி மரபு. காப்பகத்தில் நாய்களுக்குச் சோறு வைக்கும் ஊழியர் சற்று யோசித்துவிட்டு, “ஒரு எட்டு இருக்கும் சார்” என்பார். இந்த எட்டு பெரும்பாலும் எண் அன்று, பரிவு. பன்னிரண்டு என்று சொன்னால் வந்தவர் அடுத்த கூண்டில் துள்ளும் குட்டியிடம் போய்விடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

சரி, எட்டோ பன்னிரண்டோ, மனிதக் கணக்கில் எவ்வளவு? ஏழால் பெருக்குவது நம் வீடுகளில் வேரூன்றிய மரபு. 2020இல் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் மரபணுவில் வயது பதிக்கும் வேதித் தடங்களை ஒப்பிட்டு, மடக்கைக் கணக்கில் வேறொரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி 12 வயது நாய் 71 வயது மனிதருக்குச் சமம். ஒரு வயதுக் குட்டியோ 31 வயதுக்காரர். முப்பத்தொரு வயதில் யாரும் விருந்தாளியின் செருப்பைக் கடித்துத் தின்பதில்லை என்ற ஆட்சேபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் ஆராய்ந்த 104 நாய்களும் லாப்ரடார்கள். அந்தச் சூத்திரத்தைப் பாமரேனியன்மேல் அப்படியே ஏற்றுவது முறையாகாது.

ஏன் முறையாகாது என்பதில்தான் இந்த ஆராய்ச்சியின் சாரம் இருக்கிறது. உயிரினங்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பெரியதே நீண்டு வாழும். யானை எலியைவிட எத்தனையோ மடங்கு. நாய்க்குள் மட்டும் கணக்கு தலைகீழ். கிரேட் டேன் எட்டு வயதில் கிழம், ஸ்பிட்ஸ் எட்டு வயதில் நடுத்தர வயது. 74 இனங்களை அலசிய 2013ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உடல் எடையில் ஏறக்குறைய 2 கிலோ கூடினால் ஆயுளில் ஒரு மாதம் குறைகிறது என்றது. பெரிய நாய்கள் வேகமாக மூப்படைகின்றன என்பது அதன் விளக்கம். சிறுமைக்குக் காரணமான முக்கிய மரபணு ஐஜிஎஃப்-1 என்று 2007இலேயே கண்டிருந்தார்கள். உடலைச் சிறிதாக்கும் மாற்றம் 54,000 ஆண்டுப் பழமையான சைபீரிய ஓநாய் ஒன்றிலேயே இருந்தது 2022இல் தெரியவந்தது.

அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கம் எதிர்பார்க்கும் ஆயுளின் கடைசிக் கால்பங்கையே முதுமை என்கிறது. பதினான்கு, பதினைந்து வாழும் நாய்க்கு அது பதினொன்றை ஒட்டித்தான் தொடங்கும். எனவே ‘எட்டு’ என்ற ஊழியரின் சொல் உண்மையானால், வீட்டுக்கு வருவது கிழநாயே அன்று.

பன்னிரண்டே ஆனாலும் என்ன? மார்னி என்ற ஷீ ட்சூ பெண் நாயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தெருவில் பிடிபட்டு, காப்பகத்தில் ‘நாற்றக்காரி’ என்ற பொருளில் பெயர் வாங்கியது. 2012 இறுதியில் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பெண் அதைத் தத்தெடுத்தபோது பத்து வயதைத் தாண்டியிருந்தது. பற்கள் போனதால் நாக்கு வெளியே தொங்கும்; உள்காதின் சமநிலைக் கோளாறால் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்ந்த தலைக்கும் தொங்கும் நாக்குக்கும் இன்ஸ்டாகிராமில் இருபது லட்சத்தை நெருங்கும் ரசிகர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில், பதினெட்டு வயதில்தான் மார்னி இறந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2007இல் தொடங்கிய மட்வில் காப்பகம் கிழநாய்களை மட்டுமே ஏற்று வீடு தேடித் தருகிறது. முதியவர்களையும் முதிய நாய்களையும் சேர்த்துவைக்கத் தனித் திட்டமே வைத்திருக்கிறது.

ஆகவே வயதைக் கேட்பதைவிட வேறு நான்கு கேள்விகள் பயன் தரும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். இதயத்தில் இரைச்சல் கேட்கிறதா? சிறு இனங்களுக்கு முதுமையில் மைட்ரல் வால்வு தடித்துக் கசிவது மிகப் பொதுவானது. இதயம் பெரிதாகத் தொடங்கிய நிலையிலேயே பிமோபெண்டன் என்ற மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பு ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போவதாக 2016இல் 360 நாய்களை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. வாத்து கத்துவதுபோல் இருமுகிறதா? மூச்சுக்குழல் வளையங்கள் தளர்ந்திருக்கலாம். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்புப் பட்டை வாங்க வேண்டும். நடக்கும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி நான்கைந்து எட்டு நொண்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் போகிறதா? முழங்கால் சில்லு நழுவுகிறது. வழுக்கும் டைல்ஸ் தரையில் மிதியடி விரிக்க வேண்டும். கடைசிக் கேள்வி பல்லைப் பற்றியது. பல்லைப் பிடுங்கினால் பட்டினி கிடக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவார்கள். வலி போன நாய் முன்னைவிட நன்றாகச் சாப்பிடும். சாம்பார் சாதம் மட்டும் கூடாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்.

இனி வீட்டுக்கு வந்தபின் உள்ள காலம். காப்பகத்தாரிடம் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் ஒளியும். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும். மூன்று மாதத்தில் தன் வீடு என்று நம்பும். கிழநாய்கள் இச்சூத்திரத்தை மதிப்பதில்லை. சில முதல் மாலையே சோபாவின் நடுப்பகுதியைக் கைப்பற்றிவிடும். பெயரிலும் பாடபேதம் வரும். காப்பகப் பதிவேட்டில் ‘ஸ்னோயி’ என்றிருக்கும். யாரோ எதிர்வீட்டுக் குழந்தையை “ஜிம்மி” என்று கூப்பிடும்போதுதான் நாய் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

நள்ளிரவில் எழுந்து சுவரைப் பார்த்து நிற்பதற்கு இரண்டு உரைகள் உள்ளன. பக்கத்து வீட்டு உரை: ஏதோ கண்ணுக்குத் தெரிகிறது. மருத்துவ உரை: முதுமை மறதி. 2001ஆம் ஆண்டு ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் அதன் அறிகுறி ஒன்றாவது இருந்தது. ஒரு சிறு இரவு விளக்கும், மேசை நாற்காலியை இடம் மாற்றாமல் இருப்பதும் அதற்கு உதவும். முதுமையில் வரும் காது கேளாமைக்கு ஒரு நற்பயனும் உண்டு. தீபாவளி இரவில் அந்தத் தெருவிலேயே நிம்மதியாகத் தூங்கும் ஒரே ஜீவன் அதுதான்.

மாத்திரையை எதில் ஒளிப்பது என்பதில் மட்டும் ஆய்வுலகம் பிளந்து கிடக்கிறது. இட்லிப் பள்ளியினர் மென்மையை முன்வைக்கிறார்கள். வாழைப்பழப் பள்ளியினர் ஒட்டும் தன்மையை. பனீர்ப் பள்ளி வசதியானவர்களுடையது. நான்கே பல் மிஞ்சிய நாய் மூன்றையும் முழுக்கத் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் ஈரமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் மிதியடியின்மேல் வைத்துவிட்டு அடுத்த துண்டுக்குக் காத்திருக்கும்.