சொல்தேடியார்

இவரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் கைப்பேசியில் வங்கிச் செயலியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, மறுநிமிடமே பதறிப்போய் ஆங்கிலத்துக்குத் திரும்பியிருந்தால், இவருடைய கைங்கரியத்தைப் படித்திருக்கிறீர்கள்.

தொழில், மொழிபெயர்ப்பு. கூலி, சொல்லுக்கு இத்தனை காசு. அப்படியிருந்தும் ஒரே சொல்லில் ஒரு பகலைக் கரைப்பார். (கொத்தனார் ஒரு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை யோசித்தால் மேஸ்திரி விடுவாரா?)

நேற்று அகப்பட்டது 'டீஃபால்ட் அக்கவுண்ட்', அதாவது நாம் வேறொன்றைச் சொல்லாதவரை செயலி தானாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. மொழிபெயர்ப்பு மென்பொருளான டிராடோஸின் திரையோரத்தில், கலைச்சொல் கிடங்கான டெர்ம்பேஸ் தானாகவே ஒன்றை நீட்டியது: 'கடன் தவணை தவறிய'. கடன் பிரிவு வேலைக்காக யாரோ எப்போதோ சேர்த்து வைத்தது. அதையே சொடுக்கியிருந்தால், ஊரிலுள்ள நாணயஸ்தர்கள் அத்தனை பேரும் காலையில் செயலியைத் திறந்ததும் கடனைக் கட்டாதவர்களாகியிருப்பார்கள். அவர்கள் மானத்தைக் காப்பாற்றியவர் நம்மவர்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எஃப் 3-ஐத் தட்டினார். பழைய மொழிபெயர்ப்புகளிலிருந்து 'முன்னிருப்பு' வந்து விழுந்தது. கணினிக்குச் சரி, வங்கியில் இருப்பு என்றால் பணமாயிற்றே! போன மாத பேலன்ஸ் என்று எண்ணிவிடுவார்கள். அடுத்தது 'இயல்புநிலை'. அப்படியானால் மற்ற கணக்குகளுக்கெல்லாம் பித்துப் பிடித்திருக்கிறதா? 'கொடாநிலை' என்று எங்கோ பார்த்த ஞாபகம். அடித்துப் பார்த்தால், முடிவுகள் இல்லை. ஆனால் பழைய கோப்பைத் திறந்தால் அந்தச் சொல் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது!

சங்கதி இதுதான். யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் வைக்கலாம். கொம்பு வேறு, கால் வேறாகப் பிய்த்தும் வைக்கலாம். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சில தேடுபெட்டிகளுக்கு இரண்டும் பங்காளிகள்கூட இல்லை. 'கணக்கு' என்று தேடினால் 'கணக்கில்' சிக்காதது இன்னொரு கதை. உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும் என்று நன்னூல் சொன்னதைத் தேடுபெட்டி எங்கே படித்தது? கடைசியில் 'கணக்க' என்று வாலை நறுக்கிவிட்டுத் தேடுகிற வித்தை நம்மவருக்குக் கைவந்திருக்கிறது. போகட்டும், கொடாநிலை கிடைத்ததே? கிடைத்தது. வங்கிக்குப் போய் 'கொடா' என்று எழுதுவதா என்று அதையும் தள்ளிவிட்டார்.

பிறகு அரசின் கலைச்சொல் தளமான சொற்குவை. அதன் பிறகு, 1936இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். கைப்பேசிச் செயலிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். 'இருப்பு' என்பதற்கு எத்தனை பொருள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு ஆறிப்போச்சுங்க."

"ஒரே ஒரு வார்த்தைதாம்மா, வந்துட்டேன்."

"காலையில காப்பிக்கும் இதையேதான் சொன்னீங்க."

விளக்கு வைக்கும் நேரத்தில் 'முதன்மைக் கணக்கு' என்று முடிவுகட்டி அனுப்பினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணுக்கு வரன் குதிர்ந்த களை!

ராத்திரி ஒன்பது மணிக்குச் சரிபார்ப்பவரிடமிருந்து கோப்பு திரும்பி வந்தது. சிவப்பில் ஒரே ஒரு திருத்தம்: 'டீஃபால்ட் கணக்கு'.

நம்மவர் ஒன்றும் பேசவில்லை. டெர்ம்பேஸைத் திறந்தார். புதுப் பதிவாக அதையும் சேர்த்தார். நிலை என்ற கட்டத்தில் 'தடைசெய்யப்பட்டது' என்று குறித்தார். குறிப்பு என்ற கட்டத்தில், சற்று யோசித்து, 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதினார்.