இன்னிக்குப் பேப்பரைக் காட்டு

நேற்றுக் காலையிலிருந்து நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு நாய்க்குட்டி கைவிட்டுப் போயிற்று. போனதுகூடப் பரவாயில்லை, போன விதம்தான் ஆறவில்லை.

வீடியோ காலில் குட்டி பார்ப்பதைப் பெண் பார்க்கும் படலம் என்று ஆரம்பிக்கத்தான் கை துறுதுறுக்கிறது. பஜ்ஜி சொஜ்ஜிவரை தயார். ஆனால் பெண் பார்க்கப் போகிறவன், பெண் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி கேட்பதில்லை. நாம் கேட்கிறோம். ஏனென்றால் மோசடிக்காரன் எவன் வீட்டு நாயின் படத்தையோ போட்டு அட்வான்ஸ் வாங்குவான். பிறகு குட்டி ஏர்போர்ட்டில் நிற்கிறது, கூண்டுக்கு இவ்வளவு, ஊசிக்கு இவ்வளவு, இன்சூரன்ஸுக்கு இவ்வளவு என்று கறந்துகொண்டே இருப்பான். கொரோனாவில் உலகமே குட்டிக்கு அலைந்த 2020-இல், இல்லாத நாய்க்குட்டிகளை அமெரிக்கர்களுக்கு விற்றதாக ருமேனியாவில் இருந்த ஒரு கேமரூன்காரர் மேல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள்.

அதனால், ராஜபாளையம் குட்டி வாங்கப்போகிறேன் என்று தில்லி மலை மந்திர் பிரசாத வரிசையில் நான் வாய் விட்டதும், முன்னால் இரண்டு பேரும் பின்னால் மூன்று பேரும் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். மோதி பாகும் ராமகிருஷ்ணபுரமும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் கட்டியாண்ட பூமி. இங்கே பிறப்புச் சான்றிதழைக்கூட அசலோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் பிறந்ததாக ஒப்புக்கொள்வார்கள். "வீடியோவை நம்பாதேயும். பழைய வீடியோவை ஓட்டிக் காட்டுவான்" என்றார் ஒருவர். "இன்னிக்குத் தேதி போட்ட பேப்பரைக் குட்டி பக்கத்துல பிடிக்கச் சொல்லும்" என்றார் இன்னொருவர். ஆள் கடத்துகிறவர்கள் படத்தில் செய்வது. வாங்குகிறவனே அதைக் கேட்கலாமா என்று எனக்குக் கூச்சம். கேட்டேன்.

இந்த இடத்தில் முக்கியமான விஷயம் ஒன்று. ராஜபாளையம் நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. 2005 ஜனவரியில் தபால் துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால் தலை போட்டபோது அதில் இதுவும் ஒன்று. ஆனால் இந்த இனத்தில் காது கேட்காத குட்டிகள் கணிசமாகப் பிறக்கும். நிறம் கொடுக்கும் செல்கள் தோலில் இல்லாததுபோல் உள்காதிலும் இல்லாமல் போய்விடுவதால் வரும் வினை. ஆக, ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குட்டிக்குக் காது கேட்கிறதா என்று வீடியோ காலிலேயே கண்டுபிடிப்பது எப்படி? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்கிறேன்.

விற்கிறவர் நல்ல பிள்ளை. முதல் பத்து நிமிஷம் ஓட்டு முகட்டையும் ஒரு டியூப் லைட்டையும் தன் கட்டை விரலையும் காட்டினார். "தெரியுதா சார்?" "விரல் தெரியுது." அப்புறம் குட்டி வந்தது. எவ்வளவு பெரிசு என்று தெரியவில்லை. செல்போனில் எல்லாக் குட்டியும் ஒரே அளவுதான். யானைக் குட்டியைக் காட்டினாலும் மடியில் வைத்துக்கொள்ளலாம் போலத்தான் இருக்கும். "வயசு?" "ரெண்டு மாசம் முடிஞ்சிருச்சு சார்." எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இலேயே விதி வந்துவிட்டது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. இன்னிக்குப் பேப்பர் இருக்கா?"

அவர் தப்பாக நினைக்கவில்லை. முன்னாலும் கேட்டிருப்பார்கள் போல. தினத்தந்தியை எடுத்து வந்து திண்ணையில் விரித்து, அதன்மேல் குட்டியை உட்கார வைத்தார். தேதி சரி. குட்டியின் அளவும் புரிந்தது, முக்கால் பக்கம். அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் தில்லிக்கு வந்தது 1987-இல். எனக்குத் தினத்தந்தியைக் கையில் விரித்துப் படிப்பது என்பது ஊருக்குப் போனால்தான். செல்போனில் படிக்கலாமே என்பீர்கள். சாதத்தை மாத்திரையாக விழுங்கலாமே என்பது மாதிரி. குட்டியின் வாலுக்குக் கீழே தங்கம் விலை தெரிந்தது. "குட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க தம்பி" என்றேன். நகர்த்தினார். கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் வெள்ளை மீசையோடு ஒரு பெரியவர். எனக்கு யாரென்றே தெரியாது, இருந்தாலும் அவருடைய மகன்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் பெயரெல்லாம் வாசித்தேன். சத்தமாகத்தான். நான் பேப்பரை மனசுக்குள் படிக்கிற ஜாதி இல்லை. "அடுத்த பக்கம்" என்றேன். சாத்தூர் பக்கம் ஏதோ பாலம் வேலை. "அடுத்த பக்கம்."

"நாயப் பாக்கறேளா, பேப்பர் படிக்கறேளா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஏனென்றால் அப்போதுதான் கன்னித்தீவு கண்ணில் பட்டது.

தினத்தந்தியின் கன்னித்தீவு படக்கதை 1960-இல் ஆரம்பித்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அதன் நாயகன் சிந்துபாத்தைத்தான். முடி வெட்டுகிற கடையில், முறை வரும்வரை. தில்லிக்கு ரயிலேறிய அன்று அவனை ஏதோ ஆபத்தில் விட்டுவிட்டு வந்தேன். மந்திரத்தில் சுருங்கிய லைலா அப்போது உள்ளங்கை அளவில் இருந்தாள். நான் வேலையில் சேர்ந்து, மூன்று குவார்ட்டர்ஸ் மாறி, ரிட்டயராகி, சர்க்கரை வந்து, பேரன் பிறந்தாயிற்று. சிந்துபாத் இன்னும் கரை சேரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். "தம்பி, போனை இன்னும் கிட்ட கொண்டுபோங்க. முதல் கட்டம்… ஆமாம்… ரெண்டாவது கட்டம்…" சிந்துபாத் எதையோ பார்த்துத் திடுக்கிட்டு நிற்கிறான். எதை? "மூணாவது கட்டம், தம்பி!"

மூன்றாவது கட்டத்தைக் குட்டி மென்றுகொண்டிருந்தது.

வாயிலிருந்து பிடுங்கச் சொன்னேன். பிடுங்கினார். கூழ். அந்த நேரம் பார்த்து நெட்வொர்க் போய்விட்டது, திரையில் சுற்றுகிற வளையம்தான் மிச்சம்.

அன்று ராத்திரி முழுக்க ரயில் கணக்குப் போட்டேன். குட்டியை பிரேக் வேன் பெட்டியில் தனியாக அனுப்ப மனசில்லை. கூடவே கூட்டி வருவதென்றால் ஏசி முதல் வகுப்பில் கூபே முழுசையும் எடுக்க வேண்டும். சர்வீஸில் இருந்த நாளிலேயே எனக்கு அந்த யோகம் கிட்டியதில்லை, நாய் தயவில் கிட்டட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, காலையில் பணம் போடலாம் என்று கூப்பிட்டேன்.

"குட்டி போயிருச்சே சார். கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் நேத்து ராத்திரியே பணம் போட்டுட்டாரு."

"நேத்து நான்தானேப்பா லைன்ல இருந்தேன்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க மும்முரமா பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க. குறுக்க பேச வேணாம்னு விட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரும் காது கேக்குமான்னுதான் சார் ரொம்ப சந்தேகப்பட்டாரு. நீங்க சத்தமா வாசிக்க வாசிக்க குட்டி காதைத் தூக்கிட்டு போனையே பாத்துட்டு இருந்துச்சுல்ல, அதை என் மச்சான் தன் போன்ல எடுத்து வச்சிருந்தான். அனுப்புனேன். அஞ்சு நிமிஷத்துல பணம் வந்துருச்சு."

கோயமுத்தூரில் ஒருவர் போனில் இப்போது என் குரல் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி வாசிக்கிறது.

அடுத்த ஈற்றில் எனக்குத்தான் முதல் குட்டி என்றார் அந்தப் பிள்ளை. சரி என்றேன். போனை வைக்கப் போனவரை நிறுத்தி, பக்கத்து வீட்டில் அந்தத் தினத்தந்தி கிடைக்குமா என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.